அனுமதியற்ற கிடங்கு

கருவி கத்தியதும் உமையாள் முதலில் தரையைத்தான் பார்த்தாள். கொட்டிக் கிடந்த சாம்பலை மிதித்துவிட்டோமோ என்று நினைத்தாள். தரை பளிச்சென்று இருந்தது. ஆய்வாளர் வருகிற நாளில் அந்த யார்டில் எப்போதும் தரையைக் கழுவி விடுவார்கள்.

சிப்பிவிளை அனல்மின் நிலையத்தின் மதிலை ஒட்டி, உப்பளங்களைப் பார்த்தபடி இருந்தது, நிலக்கரிச் சாம்பலில் கட்டடக் கல் வார்க்கும் அந்த யார்டு. நாட்டில் இன்னும் நிலக்கரி எரித்துக்கொண்டிருந்த கடைசிச் சில நிலையங்களில் சிப்பிவிளையும் ஒன்று. வருஷம் 2067. மாநிலச் சாம்பல் வாரியத்தின் மாவட்ட ஆய்வாளரான உமையாள் மாதம் ஒரு முறை அங்கே வருவாள். அன்று அவள் கையில் இருந்தது புதுக் கருவி. ஊரில் எல்லோரும் அதை 'மூக்கு' என்றுதான் சொல்வார்கள். பழைய மூக்கு கிலோக்கணக்கில்தான் முகரும். இது ஒரு கிராமைக்கூட விடாது.

அவள் மூக்கைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். சத்தம் நின்றது. அடுக்கி வைத்த கற்களிடம் கொண்டுபோனாள். அப்போதும் சத்தமில்லை. சாம்பல் கல்லாக இறுகிவிட்டால் கருவி அதைக் கண்டுகொள்ளாது. தன் நெஞ்சிலேயே வைத்துப் பார்த்தாள், ஒன்றுமில்லை. பெருக்குமாறோடு நின்ற பெண்ணின் பக்கம் திரும்பியதும் மறுபடி கத்தியது.

அவள் பெயர் செலஸ்டினா. ஐம்பத்தொரு வயது. யார்டைப் பெருக்குகிற வேலை.

"என்ன மேடம், மோப்ப நாய் கணக்கா என்னைப் பாத்துக் குலைக்குது?"

"சேலையில தூசி இருக்கும்னு நினைக்கிறேன். குளிச்சிட்டு வேற சேலை கட்டிட்டு வர முடியுமா அக்கா?"

"எதுக்கு, பொண்ணு பாக்க வாராங்களா?" என்று சிரித்துக்கொண்டே போனவள் அரை மணி நேரத்தில் ஈரத்தலையோடு திரும்பி வந்தாள். உமையாள் அவள் கைகளில் வைத்துப் பார்த்தாள். தலையில், காலில் வைத்துப் பார்த்தாள். அமைதி. நெஞ்சுக்கு நேராகப் பிடித்தாள். கத்தியது. முதுகுப்பக்கம் பிடித்தாலும் கத்தியது.

திரையில் எழுத்துகள் வந்தன. சிப்பிவிளை நிலையம். சாம்பல் தொட்டி மூன்று. 2049 முதல் 2058 வரை.

உமையாள் அதைச் சத்தமாக வாசித்தாள். செலஸ்டினாவின் சிரிப்பு நின்றுபோனது.

"அந்த ஒம்பது வருசமும் மூணாம் தொட்டிக்குக் கீழதான் நின்னேன் மேடம். லாரி ரொம்புனதும் மேல ஏறி தார்ப்பாய் கட்டணும். முக்காட்டை இழுத்து மூக்கை மூடிக்கிடுவேன், அம்புட்டுத்தான். இப்ப இருமல் நிக்கல. ஆபீசுல போயிக் கேட்டா, அப்படி ஒரு ஆளு இங்க வேலையே பாக்கலங்காங்க. கான்ட்ராக்ட்காரன் ரிஜிஸ்டரைக் கொண்டுபோயிட்டானாம். அடுப்புப் புகையில வந்த இருமலா இருக்கும்னு சொல்லிட்டாங்க. எங்க வீட்டுல கரண்டு அடுப்பு."

"நிலக்கரி எரியும்போதே அதுல குறிமணின்னு ஒண்ணைத் தூவுறாங்க அக்கா. கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் துளி. எந்த நிலையம், எந்தத் தொட்டி, எந்த வருஷம்னு அதுல பதிஞ்சிருக்கும். சாம்பல் எங்க போனாலும் அதுவும் கூடவே போகும். ராத்திரியோட ராத்திரியா ஓடையில கொட்டிட்டு, எங்களோடது இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது. அதுக்காக வந்தது."

செலஸ்டினா பெருக்குமாறைச் சுவரில் சாய்த்து வைத்தாள். ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப, அவன் கொண்டுபோன ரிஜிஸ்டர் இங்க இருக்குன்னு சொல்லுதீங்க."

*

அந்த வாரம் முழுக்க உமையாள் மூக்கோடு சிப்பிவிளைத் தெருக்களில் நடந்தாள். லாரியில் ஏறியவர்கள், தொட்டி கழுவியவர்கள், சாம்பல் குளத்துக் கரையில் குழாய் மாற்றியவர்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் நெஞ்சில் கருவி கத்தியது. அத்தனை பேரும் எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவர்கள்.

ஆஸ்பத்திரி அறிக்கைகளைக் கொண்டுபோய் நிலையத்தை மடக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். தூசி எங்கிருந்து வந்தது என்ற கேள்வியிலேயே இருபது வருஷம் இழுத்துவிடுவார்கள். ஆனால் மாநிலச் சாம்பல் விதிகள் அவளுக்கு மனப்பாடம். அவற்றை எழுதிய ஐந்து பேர் குழுவில் அவளும் ஒருத்தி. சாம்பல் கல்லாகவோ சிமெண்டாகவோ இறுகும்வரை, அது எங்கே கிடந்தாலும் அதை உண்டாக்கிய நிலையத்தின் உடைமை என்றது நான்காம் விதி. அனுமதியில்லாத இடத்தில் தேங்கினால் அது சட்டவிரோதக் கிடங்கு. நிலையம் அதைப் பதிவுசெய்து, மாதாமாதம் பரிசோதித்து, முடிந்த அளவு சுத்தம் செய்து, சாம்பல் தீரும்வரை பராமரிக்க வேண்டும் என்றது ஒன்பதாம் விதி.

அவள் நிலையத்துக்கு முதல் நோட்டீஸை எழுதினாள். 'கிடங்கு அமைந்துள்ள இடம்' என்ற கட்டத்தில், 'செலஸ்டினா என்பவரின் இரண்டு நுரையீரல்கள்' என்று நிரப்பினாள்.

சென்னையிலிருந்து வாரியச் செயலாளர் இளம்பரிதி போனில் கூப்பிட்டார். முப்பத்தாறே வயதான ஐ.ஏ.எஸ். அதிகாரி. குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை.

"மேடம், இது நிக்காது. சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும் சார். ஆனா பதில் சொல்லணும்ல?"

சாம்பல் தீர்ப்பாயத்தில் முதல் நாள் சிரிக்கத்தான் செய்தார்கள். நிலையத்தின் சட்ட அலுவலர் பத்ரிநாத் மெல்லிய, சுத்தமான மனிதர். எழுந்து நின்று, மனித உடம்பு ஓர் இடமாகாது என்றார். வேலையை முடிக்க அந்த ஒரு வாக்கியம் போதும் என்பதுபோல உட்கார்ந்துகொண்டார்.

உமையாள் விதியை வாசித்தாள். "நிலம், நீர்நிலை, கட்டிடம் அல்லது சாம்பல் தேங்கக்கூடிய வேறெந்தக் கொள்கலனும்." பிறகு செலஸ்டினாவை முன்னால் வரச் சொல்லி மூக்கை நடுவரிடமே கொடுத்தாள். நடுவர் தயங்கித் தயங்கி அதை அந்த நெஞ்சுக்கு நேராகப் பிடித்தார். தொட்டி எண்ணையும் வருஷங்களையும் அவரே வாசிக்க வேண்டியதாயிற்று. அதற்கப்புறம் அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை.

"நான் ஒரு கேள்வி கேக்கலாமாய்யா?" என்றாள் செலஸ்டினா. "அவங்க சாம்பல்னு மிசினே சொல்லுது. வேலைக்கு நான் வரலைன்னா, அவங்க சாம்பல் என் நெஞ்சுக்குள்ள வந்து வேலை பாத்துச்சா?"

இரண்டே மாதத்தில் தீர்ப்பு வந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் பதிவுபெற்ற கிடங்குகள் ஆனார்கள். நிலையத்தின் செலவில் சிப்பிவிளையிலேயே ஒரு ஆஸ்பத்திரி முளைத்தது. உப்புநீர் விட்டு நுரையீரலைக் கழுவும் சிகிச்சை தொடங்கியது. ஒவ்வொரு கழுவலுக்கும் பாலில் சிமெண்டைக் கரைத்தது போல நீர் வெளியே வரும். முழுக்க வராது; பாதியாவது வரும். மூச்சு வாங்கித் திண்டாடியவர்கள் தேவாலயத்துப் படிகளைத் தாங்களாகவே ஏறினார்கள். அந்த வருஷக் கோவில் திருவிழாவில் செலஸ்டினா சப்பரத்துக்குப் பின்னால் கடற்கரைவரை நடந்தாள். ஏழு வருஷமாக அவள் அவ்வளவு தூரம் நடந்ததில்லை.

உமையாளுக்கு வாரியத்தில் பாராட்டுக் கூட்டம் நடந்தது. தான் எழுதிய விதி ஓர் உயிரைத் தூக்கி நிறுத்தியதைப் பார்த்தவளுக்கு வருகிற பெருமை அவளுக்கும் வந்தது. அவள் அதை மறைக்கவும் இல்லை.

*

செலஸ்டினாவின் ஒரே மகள் ஜெனோவா கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருந்தாள். முதல் பிரசவம்; சாம்பல் ஊரில் வேண்டாம் என்று அங்கேயே வைத்துக்கொண்டார்கள். ஏழாம் மாதம் வளையல் போடும் நாளுக்கு அம்மா வர வேண்டும் என்று சொல்லியிருந்தாள். செலஸ்டினா கருப்பட்டி, மஸ்கோத் அல்வா, கண்ணாடி வளையல்கள் என்று இரண்டு பைகள் கட்டிக்கொண்டு காலை பஸ்ஸில் ஏறினாள்.

மாவட்ட எல்லையில் சாலைக்குக் குறுக்கே ஒரு கேட் உண்டு. சாம்பல் லாரிகளை முகர்வதற்காக வைத்த பெரிய மூக்கு. பஸ் அதைத் தாண்டும்போது சிவப்பு விளக்கு எரிந்தது. தடுப்புக்கம்பி இறங்கியது.

காவலர் ஏறி வந்து கைக்கருவியோடு ஒவ்வொரு இருக்கையாகப் போனார். செலஸ்டினா முன்னால் நின்றார்.

"அம்மா, உங்ககிட்ட குறியிட்ட சாம்பல் இருக்கு. மாவட்டம் தாண்டணும்னா பெர்மிட் வேணும்."

"என்கிட்ட அல்வாதான் இருக்கு."

"இறங்குங்கம்மா. பஸ் முழுக்கக் காத்துக் கிடக்கு."

பஸ் போய்விட்டது. அவள் இரண்டு பைகளோடு சாலையோரம் நின்றாள். பதினான்காம் விதி: குறியிட்ட சாம்பல் மாவட்ட எல்லையைத் தாண்ட வாரிய அனுமதி வேண்டும், மூடப்பட்ட வாகனத்தில், தார்ப்பாய் கட்டித்தான் கொண்டுபோக வேண்டும்.

அந்தக் கேட் அதுவரை டன் கணக்கில்தான் முகர்ந்துகொண்டிருந்தது. தீர்ப்பு வந்த மறுவாரமே நிலையம் வாரியத்துக்கு ஒரு மனு போட்டிருந்தது. 'எங்கள் சாம்பல் ஒரு கிராம்கூட அனுமதியின்றி வெளியேறக் கூடாது என்பதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம். ஆகவே எங்கள் குறிக்கு மட்டும் இந்தக் கேட்டைக் கிராம் அளவுக்குத் திருத்தித் தர வேண்டுகிறோம்.' கோப்பு உமையாள் மேசைக்கும் வந்திருந்தது. நல்ல யோசனை என்று அவள்தான் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

அன்று மத்தியானம் செலஸ்டினா நேராக அவள் அலுவலகத்துக்கு வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"கோர்ட்டுல நம்ம ஜெயிச்சோம்னு நினைச்சேன் மேடம். நீங்க என்னை மனுசியா ஜெயிக்க வைக்கல. கிடங்கா ஜெயிக்க வச்சிட்டீங்க. கிடங்கு எங்கயாவது பிள்ளை வளையல் போடுறதைப் பாக்கப் போகுமா?"

உமையாள் அந்தக் கேட் கோப்பை எடுத்துத் தன் கையெழுத்தைப் பார்த்தாள்.

நிலையத்திடம் ஒரு வழி இருந்தது. பத்ரிநாத் ஆஸ்பத்திரிக்கே வந்து, எல்லோரிடமும் மரியாதையாகப் பேசினார். கிடங்குப் பதிவை ரத்து செய்யச் சொல்லி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும். பதிவு இல்லாத உடம்பில் இருப்பது விதிப்படி சாம்பலே இல்லை; கேட் கத்தினாலும் காவலர் நிறுத்த மாட்டார். எங்கே வேண்டுமானாலும் போகலாம். சிகிச்சை மட்டும் நின்றுவிடும்.

பதினோரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களில் மிக்கேல் என்று ஒருவன். இப்போது விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். சீசனில் கொச்சிக்குப் போகாவிட்டால் அவனுக்குப் பிழைப்பு இல்லை. "மூச்சு இருக்கும்போதே ரெண்டு காசு பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவனுக்கு இன்னும் மூன்று கழுவல் பாக்கியிருந்தது. ஐந்தாவது வாரம், கொச்சிப் படகுத்துறையில் எஞ்சின் மேல் குனிந்தபடியே மிக்கேல் இறந்துபோனான்.

அடக்கத்துக்கு உமையாள் போனாள். கல்லறைத் தோட்டத்தில் யாரும் அவளைத் திட்டவில்லை. ஒதுங்கி இடம் விட்டார்கள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. திரும்பி வந்ததும் பதினான்காம் விதியிலிருந்து மனிதர்களுக்கு விலக்கு கேட்டு சென்னைக்கு எழுதினாள். இளம்பரிதி பொறுமையாகப் பதில் சொன்னார்: "திருத்தம்னா சட்டசபைக் குழு வரைக்கும் போகணும் மேடம். எட்டு மாசம், ஒரு வருஷம் ஆகும். நிலையம் எதிர்த்தா இன்னும் ஆகும். எதிர்ப்பாங்க."

ஜெனோவாவுக்குப் பிரசவ நாள் மூன்று வாரத்தில் இருந்தது.

*

அடுத்த திங்கட்கிழமை செலஸ்டினா மறுபடியும் அலுவலகத்துக்கு வந்தாள். இந்த முறை உட்கார்ந்தாள். கையில் மடித்த தாள்கள். கிடங்காகப் பதிவானபோது ஒவ்வொருவருக்கும் கொடுத்த நகலும், கூடவே விதிகளின் சிறு புத்தகமும்.

"மேடம், எட்டாப்பு வரைக்கும் படிச்சிருக்கேன். எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க முடியும். ரெண்டு நாளா வாசிச்சேன். ஒரு சந்தேகம்." தாளில் விரலை வைத்தாள். "இங்க 'கிடங்கு அமைந்துள்ள இடம்'னு போட்டு என் நுரையீரல்னு எழுதியிருக்கு. சரி. அதுக்குக் கீழ 'இடத்தின் உரிமையாளர்'னு இருக்கு. அதுலயும் என் பேருதான் இருக்கு."

"ஆமா. உங்க உடம்பு, நீங்கதானே உரிமையாளர்."

"அப்ப நான் கிடங்கு மட்டும் இல்ல. சொந்தக்காரியும் நான்தான். அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"பதினேழாம் விதியை வாசிங்க."

உமையாள் வாசிக்க வேண்டியிருக்கவில்லை. அது அவளே எழுதியது. ஒருகாலத்தில் நிலையங்கள் விவசாயிகளின் நிலத்தில் சாம்பலைக் கொட்டிவிட்டு, எடுக்கச் சொன்னால் அனுமதி வரவில்லை, லாரி கிடைக்கவில்லை என்று வருஷக்கணக்கில் சாக்குச் சொல்லும். அந்த வாயை அடைக்க எழுதிய விதி. இடத்தின் உரிமையாளர் கேட்டால் ஒரு நாளுக்குள் நிலையம் சாம்பலை அவர் சொல்லும் ஊருக்கு நகர்த்த வேண்டும். அனுமதி, வாகனம், ஆள், எல்லாம் நிலையத்தின் பொறுப்பு. தவறினால், நகர்த்தும்வரை அது புதிதாகச் சாம்பல் உண்டாக்கக் கூடாது.

புதிதாகச் சாம்பல் உண்டாக்கக் கூடாது என்றால் நிலையம் தன் அடுப்பையே அணைக்க வேண்டும்.

உமையாள் நிமிர்ந்து பார்த்தாள். செலஸ்டினா கண்ணைச் சிமிட்டாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாம்பல் அவங்களோடது. பஸ்ஸுல சாம்பலைக் கொண்டுபோனது நான் இல்ல மேடம். என் நெஞ்சுக்குள்ள அவங்கதான் கொண்டுபோறாங்க. அப்ப பெர்மிட் யாரு எடுக்கணும்?"

அந்த வருஷத்தில் முதல் முறையாக உமையாள் வாய்விட்டுச் சிரித்தாள். "அக்கா, இதை எழுதினவளுக்கே இது தோணலையே!"

"நீங்க எழுதினீங்க. வெயில்ல பையோட ரோட்டுல நின்னது நானுல்லா."

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு நிலையத்தின் பெரிய வாசலில் முந்நூற்றொரு பேர் வந்து நின்றார்கள். ஆளுக்கு ஒரு பை. கோஷமும் இல்லை, கொடியும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் நிற்கிற கூட்டம் மாதிரிதான் இருந்தது. முறுக்கு விற்கிறவர்கூட வந்துவிட்டார். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள். அதில் போக வேண்டிய ஊரின் பெயர்.

பத்ரிநாத் வெளியே வந்தார். செலஸ்டினா தன் தாளை அவரிடம் நீட்டினாள்.

"என் இடத்துல உங்க சாம்பல் இருக்கு சார். அதை நான் நகர்த்தச் சொல்லுதேன். கோயம்புத்தூர், சிங்காநல்லூர். நாளைக்கு இதே நேரத்துக்குள்ள."

"அம்மா, உங்களை நாங்க எப்படி…"

"என்னை இல்ல. உங்க சாம்பலை. நான் கூட வருவேன், அவ்வளவுதான். எங்கிட்ட இருந்து அதைத் தனியா எடுத்துக் கொண்டுபோக முடியும்னா ரொம்ப சந்தோசம், அப்படியே எடுத்துக்கிடுங்க."

அவளுக்குப் பின்னால் நின்ற கிழவர் தன் தாளை நீட்டினார். வேளாங்கண்ணி. அடுத்தவள் மதுரை, பேரன் காதுகுத்து. அடுத்தவன் ராமேஸ்வரம். ஒரு பெண்ணின் தாளில் காரணம் எதுவும் இல்லை. 'சும்மா, ஊட்டி பார்க்க' என்று எழுதி, 'ஊட்டி'க்கு அடிக்கோடு போட்டிருந்தாள்.

பத்ரிநாத் விதிப்புத்தகத்தை வரவழைத்து வாசலிலேயே நின்று வாசித்தார். இரண்டு முறை வாசித்தார். நல்ல வக்கீல் அவர். தோற்றுப்போனது எப்போது என்று தெரிந்துவிடும். உமையாளைப் பார்த்துக் கேட்டார்: "தவறினா நிஜமாவே அடுப்பை அணைக்கச் சொல்வீங்களா?"

"உத்தரவு டைப் பண்ணியாச்சு சார். தேதிதான் போடணும்."

மறுநாள் காலை எட்டு மணிக்குச் சிப்பிவிளையிலிருந்து ஏழு பஸ்களும் பன்னிரண்டு கார்களும் கிளம்பின. விதிப்படி எல்லாவற்றுக்கும் மேலே தார்ப்பாய் கட்டியிருந்தது. கட்டியவர்கள் நிலையத்தின் அலுவலர்கள். முடிச்சு சரியில்லை என்று செலஸ்டினா ஒரு பஸ் மேல் ஏறப் போனாள். மற்றவர்கள் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள். எல்லைக் கேட்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. நிலையத்தின் ஆள் ஓடிப்போய் முந்நூற்றொரு பெர்மிட்டுகளையும் காட்டினான். கம்பி உயர்ந்தது.

அன்றிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் வாசலில் கூட்டம். கல்யாணம், வளைகாப்பு, கோவில் கொடை, கல்லூரி அட்மிஷன், சினிமா. நிலையம் ஒரு தனி அலுவலகமே திறந்து பதினெட்டுப் பேரை உட்கார வைத்தது. ஆறாவது வாரத்தில், மனிதர்களுக்குப் பதினான்காம் விதியிலிருந்து விலக்கு வேண்டும் என்று நிலையமே சென்னைக்கு மனு போட்டது. அவசரம் என்று மேலே சிவப்பு மையில் எழுதியிருந்தது.

எட்டு மாதம் ஆகும் என்று சொல்லப்பட்ட திருத்தம் பதினேழு நாளில் வந்தது. உமையாள்தான் எழுதினாள். இந்த முறை தனியாக எழுதவில்லை. செலஸ்டினாவையும் இன்னும் நான்கு பேரையும் கூட்டி வைத்து, ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டி, "இதை வச்சு உங்களை எப்படி மடக்கலாம், சொல்லுங்க" என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். அவர்கள் சொன்ன ஒவ்வொரு ஓட்டையையும் அடைத்தாள். சாம்பல் தங்கிய மனிதர் கிடங்கு ஆகமாட்டார். சாம்பல் தங்கிய இடத்தின் உரிமையாளர் மட்டுமே. பயணத்துக்குத் தடையில்லை. சிகிச்சை ஆயுள் முழுக்க. கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுத்தவர்களுக்கும் உண்டு. கடைசியாக ஒரு வரி: மாநிலத்தின் எல்லாக் கேட்டுகளும் எல்லா நிலையங்களின் குறிக்கும் கிராம் அளவில் திருத்தப்படும், ஆனால் அவை யாரையும் நிறுத்தாது, பெயர் கேட்காது, சிகிச்சைக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எண்ண மட்டும் செய்யும்.

அந்த வரியை எழுதச் சொன்னது செலஸ்டினா. "நம்ம முந்நூறு பேருதானான்னு பாருங்களேன்" என்று சொல்லியிருந்தாள்.

ஜெனோவாவுக்குப் பெண்குழந்தை பிறந்திருந்தது. உமையாளே நேரில் போய் மூக்கை வைத்துப் பார்த்தாள். குழந்தை சுத்தம். தாயும் சுத்தம். செலஸ்டினா பேத்தியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அன்று முழுக்க அவள் ஒருமுறைகூட இருமவில்லை.

*

திருத்தப்பட்ட முதல் கேட்டைத் திறந்துவைக்கச் செயலாளர் இளம்பரிதி நேரில் வந்தார். சென்னைக்கு வெளியே, நெடுஞ்சாலையில், காலை பத்து மணி வெயில். ஒரு பந்தல், நாலு நாற்காலி, ரோஜாப்பூ மாலை சுற்றிய தூண்கள். கேட்டின் மேலே எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஓர் எண்பலகை. அதில் பூஜ்யம்.

"நான்தான் முதல்ல போகணுமா?" என்று கேட்டுச் சிரித்தபடி அவர் ரிப்பனை வெட்டிவிட்டு நடந்தார். அவர் அந்தப் பக்கம் போனதும் பலகையில் பூஜ்யம் ஒன்றாக மாறியது.

பந்தலில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். எண்ணிக்கை ஆரம்பமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டார்கள். கேட் யாரைப் பார்த்தாலும் எண்ணும் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

உமையாள் கைதட்டவில்லை. கேட்டின் பக்கவாட்டில் இருந்த சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இளம்பரிதி அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டுக்கு வெளியே சுற்றிக்கொண்டு திரும்பி வந்தார். பலகையை நிமிர்ந்து பார்த்தார். விதிகளை அவரும் படித்தவர்தான்.

"கருவி பழுதா மேடம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்லை சார். காலையில நான் நாலு தடவை போய்ட்டு வந்தேன். என்னை எண்ணலை."

"நான் எந்த நிலையத்துலயும் வேலை பார்த்ததில்லையே. அனல்மின் நிலையத்தை உள்ளே போய்ப் பார்த்ததுகூட இல்லை." அவர் குரல் அப்போதும் உயரவில்லை. சின்னத் திரைப் பக்கம் தலையைச் சாய்த்து, "எந்த வருஷம்னு காட்டுதா?" என்றார்.

"2043 சார். வேற நிலையம். மூடி ரொம்ப நாளாச்சு."

அவர் மனசுக்குள் கணக்குப் போட்டார்.

"ஏழாம் வகுப்பு," என்றார் இளம்பரிதி. "எங்க ஸ்கூல் மைதானம் பள்ளமா கிடக்கும். மழை பெஞ்சா குளமாயிரும். அந்த வருஷம் லாரி லாரியா ஏதோ கொட்டி மேடாக்கிக் கொடுத்தாங்க. நல்லா மெத்துன்னு இருக்கும். விழுந்தா அடிபடாது. நாங்க அதுல மூணு வருஷம் கபடி ஆடினோம்."

"எத்தனை பேரு சார் அந்த ஸ்கூல்ல?"

அவர் பதில் சொல்லுமுன் சாலையில் ஹாரன் சத்தம் கேட்டது. திண்டிவனத்திலிருந்து வந்த அரசு பஸ், ஆட்கள் படியில் தொங்க, கேட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது. கேட் நிறுத்தவில்லை. பஸ் வேகம் குறையாமல் தாண்டிப் போயிற்று. பலகையில் ஒன்று பத்தொன்பதாக மாறியது.

பந்தலில் மறுபடி கைதட்டினார்கள். அதற்குப் பின்னால் ஒரு பள்ளி வேன் வந்துகொண்டிருந்தது.